இரண்டு ரைபிள்களில் ஒன்று

பதுளை அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்தில் இருந்த செல்வநாயகம் பிரக்கிராசியின் வக்கீல் கந்தோரில் நின்றுகொண்டிருந்தபோது, ரெங்கம்மாவுக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. வழக்கும் உயிலும் பார்த்தே தலை நரைத்த அந்த யாழ்ப்பாணத்து மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் எழுதியிருந்த தாளை இரண்டாம் முறையாகத் தமிழில் சொன்னார்.

"இஞ்ச பார் பிள்ளை. துரையிட்ட ரெண்டு ரைபிள் இருந்தது. அதில உனக்கு எது விருப்பமோ அதை நீ தெரிஞ்சு எடுக்கலாம். மற்றது அவருடைய தமக்கையின்ர மகனுக்கு. விளங்குதோ?"

"துப்பாக்கிங்களா?"

"ஓம், துவக்குத்தான்."

"வேற ஒண்ணும் எழுதலீங்களா?"

"உன்ர பேரில வேற ஒண்டும் இல்லை."

ஹாலம் துரை இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. எல்ல என்ற ஊருக்கு மேலே இருக்கும் நெல்லிமலைத் தோட்டத்துக்கு அவர் இருபத்திரண்டு வருஷம் துரையாக இருந்தார். அதில் பதினாறு வருஷம் ரெங்கம்மா அந்தப் பங்களாவில் இருந்தாள். முதலில் சமையலுக்கு உதவியாகப் போனாள். பிறகு அவள் அங்கே என்னவாக இருந்தாள் என்பது தோட்டக் கூலிகளின் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சொன்னதில்லை. கிணற்றடியில் அவளைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். துரைமார் விருந்துக்கு வரும் நாட்களில் அவள் பின்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். இந்த மாதக் கடைசியில் கம்பெனியின் புதுத் துரை பங்களாவுக்கு வருகிறார். அதற்குள் அவள் வெளியேற வேண்டும். பிரக்கிராசி ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, ஏதோ ஒரு துண்டு நிலம், இல்லை ஒரு குடிசையாவது எழுதி வைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். நினைத்ததை இப்போது வெளியே சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"எதுக்குங்க ஐயா எனக்குத் துப்பாக்கி?"

செல்வநாயகம் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "ஏன் எண்டு எழுதேல்லை. எனக்கும் விளங்கேல்லை. அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெடியன் வருவான், பங்களாவில இருக்கிற ரெண்டு துவக்கையும் கொண்டு வருவான். அண்டைக்கு நீ இதுதான் எண்டு சொன்னால் சரி. கச்சேரியில உன்ர பேருக்கு லைசென்ஸ் நான் எடுத்துத் தருவன். வீட்டை போய் ஆறுதலா யோசி."

யோசிக்கத்தான் அவளால் முடியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

கடைத்தெருவில் ஸஹாப்தீனின் பட்டறை திறந்திருந்தது. ஊவாவில் இருக்கும் பாதித் துரைமாரின் துப்பாக்கிகள் பழுதானால் ஸஹாப்தீனின் கைக்குத்தான் வரும். ஹாலம் துரையின் இரண்டு ரைபிள்களையும் வருஷத்துக்கு ஒரு முறை ரெங்கம்மாவே வண்டியில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவாள். அதனால் அவர் அவளைக் கண்டதும் முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"வேட்டைக்குன்னா ரெட்டைக் குழலை எடு தங்கச்சி. வேற பேச்சே இல்ல. பத்து ராத்தல் கனம், குட்டைக் குழல், காட்டுக்குள்ள கொடி கிடியில மாட்டாது. பன்றி பாஞ்சு வந்தா ஒரு தோட்டா தப்பினாலும் இன்னொன்னு கைக்குள்ள இருக்கு. மருந்தும் ஈயமும் போட்டுத் தோட்டாவை நானே கட்டித் தந்திருவன். நூத்தம்பது கெஜம் வரைக்கும் அது ராஜா. அதுக்கு அங்கால குண்டு கல்லு மாதிரிக் கீழ விழும். ஆனா காட்டுல யாரு அவ்வளவு தூரத்துல சுடுறது?"

"அப்ப அதையே எடுத்துக்கிறவா?"

"பொறு, பொறு. துவக்குன்னு சொன்னா அந்த நீட்டுத் துவக்குதான் துவக்கு." அவர் குரல் இறங்கியது. "குழலுக்குள்ள வெட்டியிருக்கிற வரியைப் பாத்திருக்கிறியா? சுருண்டு சுருண்டு போகும். ஒரு இடத்துல ஒரு மயிரளவு பிசகு இல்ல. பின்னால திருகு வச்ச தகடு, அதை ஒரு கோடு திருப்பினா அங்க அறுநூறு கெஜத்துல குண்டு ஒரு சாண் நகரும். இந்தப் பக்கத்துல அதுக்கு ஜோடி இல்ல. ஆனா அதைக் காட்டுக்குக் கொண்டு போக ஏலாது. ஒத்தைத் தோட்டா. விசை அவ்வளவு லேசு, விரலு பட்டாலே வெடிக்கும். மழைத் தண்ணி பட்டா திருகெல்லாம் துருப்பிடிச்சிரும். அது படுத்துக்கிட்டு, மூச்சடக்கி, தகட்டைக் குறிபாத்துச் சுடுறதுக்கு."

"ரெண்டுல நான் எதைத்தான் எடுக்கிறது, ஸஹாப்தீன் நானா?"

"நீ எதுக்குச் சுடப்போறாய்?"

"தெரியலீங்களே."

"அது தெரியாம துவக்குத் தெரிஞ்செடுக்க ஏலாது தங்கச்சி."

இந்தப் பேச்சு அவளை இன்னும் குழப்பிவிட்டது. வண்டியில் எல்லவுக்குத் திரும்பும் வழியெல்லாம் ரெட்டைக் குழல் என்று ஒரு வளைவில் முடிவு செய்தாள், அடுத்த வளைவில் அதை மாற்றினாள். அதற்குள் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. துரை தன்னைப் பற்றி என்னதான் நினைத்து இதை எழுதினார்? விளையாட்டுக்கா? கடைசி நாட்களில் காய்ச்சலில் புத்தி பேதலித்துப்போயா? ஆனால் உயில் எழுதிய தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது என்று பிரக்கிராசி சொல்லியிருந்தார்.

பங்களாவின் பின்கட்டில் அவளுடைய அண்ணன் மாடசாமி காத்திருந்தான். கொஸ்லந்தைக்குக் கீழே காட்டோரத்தில் அவனுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. குரக்கனும் சோளமும் போட்டிருந்தான். மாதக் கடைசியில் ரெங்கம்மா அங்கேதான் போக வேண்டும். போக வேறு இடம் இல்லை. செய்தியைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெட்டைக் கொழலக் கேளு. பன்னி வந்து ஒரு பக்கமா உழுதுட்டுப் போகுது. போன வருசம் பாதிச் சோளம் போச்சு. அந்த நீட்டுக் கம்பை வச்சு என்னா பண்றது? பன்னிய அறுநூறு கெஜம் தள்ளிப் போயி நிக்கச் சொல்லவா?"

"சரிண்ணே" என்றாள். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. அப்படியிருந்தும் அந்தச் "சரி" அவள் வாயிலிருந்து வந்ததாகவே அவளுக்குப் படவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு ரைபிள்களையும் வராந்தா மேசையில் வைத்து எண்ணெய் போட்டாள். பதினாறு வருஷப் பழக்கம். ரெட்டைக் குழலின் கட்டையில் அவளுடைய கன்னம் பட்ட இடமும் உண்டு. துரையோடு காட்டுக்குப் போன காலத்தில் தோட்டா மாற்றிக் கொடுப்பவளாக இருந்து, ஒரு நாள் அவருக்கு முழங்கால் பிசகியபோது அவளே ஒரு பன்றியைச் சுட்டாள். அதன் பிறகு நாலைந்து முறை அவர் அவளிடம் அதைக் கொடுத்திருக்கிறார். தோளில் உதைக்கும்; நீலம் பாரித்து ஒரு வாரம் நிற்கும். ஆனாலும் அது அவளுக்குத் தெரிந்த துப்பாக்கி.

நீளத் துப்பாக்கியை அவள் ஒருநாளும் சுட்டதில்லை. அதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். பங்களாவுக்குப் பின்னால் பத்தனைப் புல்வெளி சரிந்து இறங்கி எதிர்மேட்டில் ஏறும். அந்த மேட்டில், அறுநூறு கெஜத்துக்கு அப்பால், வெள்ளை பூசிய இரும்புத் தகடு ஒன்றைத் துரை நட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் படுத்துச் சுடுவார். இவள் பக்கத்தில் பாய் போட்டுக் குப்புறப் படுத்துத் தூரக்கண்ணாடியில் பார்ப்பாள். சுட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் 'டங்' என்று சத்தம் வரும். வராவிட்டால் மண் தெறித்த இடத்தை அவள் சொல்ல வேண்டும். சுவர்க் கடிகாரத்தை வைத்து அவர் அவளுக்குப் பழக்கியிருந்தார்: "பத்து மணிப் பக்கம், ரெண்டு சாண்." கொஞ்ச நாளில், அவர் சுட்ட பிறகு சொல்வதை விட்டுவிட்டு, சுடுவதற்கு முன்னாலேயே அவள் காற்றைச் சொல்லத் தொடங்கினாள். கச்சான் காற்று பள்ளத்தில் ஒரு பக்கமாகவும் மேட்டில் இன்னொரு பக்கமாகவும் அடிக்கும். புல் சாய்வதையும் கானல் ஓடுவதையும் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல வராது.

திங்கட்கிழமை துரையின் தமக்கை மகன் வந்தான். ராபர்ட் என்று பெயர். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னத் துரை. வயது இருபத்தாறு இருக்கும். இலங்கைக்கு வந்து இரண்டு வருஷத்தில், கூலிகளுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் அவனுடையது. குதிரையைக் கட்டிவிட்டு நேராக ரைபிள்களிடம் போனான். நீளத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை.

"ரெங்கம்மா, நா நேர்மையா சொல்றேன். இது எனக்கு வேணும். ஆகஸ்டு மாசம் தியத்தலாவையில தொரைங்க துப்பாக்கி சுடுற போட்டி இருக்கு. நீ அந்த ரெட்டைக் குழல் எடு. அது நல்ல துப்பாக்கி. உனக்கு இது என்னாத்துக்கு?"

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

"அப்ப சரிதானே?"

"தெரியலீங்க" என்றாள். பிறகு, தன் பக்கம் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்: "தொரை அந்தத் துப்பாக்கியாலதாங்க கோப்பை ஜெயிச்சாரு. அதான் மனசு ஒப்பல."

"என்னா கோப்பை?"

அவள் உள்ளே போய் அலமாரியிலிருந்து வெள்ளிக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், போயர் யுத்தக் கைதிகளின் முகாம் கலைந்த கையோடு தியத்தலாவையில் நடந்த முதல் போட்டிக்குப் போய்விட்டு, துரை அதைக் காட்டி, "ஜெயிச்சேன் ரெங்கம்மா" என்று சொன்னார். அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் போய்வந்து, "இந்தத் தடவையும் நல்லாத்தான் சுட்டேன்" என்பார்.

ராபர்ட் கோப்பையைத் திருப்பி, அதில் செதுக்கியிருந்ததைப் படித்தான். அவன் காது சிவந்தது.

"இது பள்ளிக்கூடத்துக் கோப்பை. ஓட்டப் பந்தயம். அவர் பதினாலு வயசுல வாங்கினது."

"இல்லீங்க. தியத்தலாவைக் கோப்பை."

"ரெங்கம்மா, அங்க மாமா ஒரு தடவையும் ஜெயிக்கல. எப்பவும் கடைசி, இல்ல கடைசிக்கு முந்தி. அவர் தோட்டத்துல பத்துக்கு எட்டு அடிக்கிறேன்னு சொல்வார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும்..." அவன் கோப்பையை மேசையில் வைத்தான். "நானும் அவர் பொய் சொல்றார்னுதான் நெனைச்சேன்."

"பத்துக்கு எட்டு அடிப்பாருங்க. நான் பாத்திருக்கேன். சில நாள் ஒம்பது."

 அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு அதைவிட மோசம். கடைசி இடத்தில் வந்த மனிதர் எதற்கு ஜெயித்ததாகச் சொன்னார்? ஜெயிக்கக்கூடிய மனிதர் எதற்குக் கடைசியில் வந்தார்? அதே துப்பாக்கி, அதே தூரம், அதே கண்.

"வா, சுட்டுப் பாக்கலாம்" என்றான் ராபர்ட்.

பத்தனையில் கச்சான் நன்றாகவே வீசியது. ராபர்ட் கோணியை விரித்துப் படுத்தான். முதல் குண்டு எங்கே போனதென்றே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ரெங்கம்மா சும்மா நின்று பார்த்தாள். நாலாவது தோட்டாவை அவன் போட்டபோது அவளால் பொறுக்க முடியவில்லை. தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவனுக்கு இடது பக்கத்தில், பழகிய இடத்தில், புல்லில் படுத்தாள்.

"இருங்க. இப்பச் சுடாதீங்க. பள்ளத்துல காத்துத் திரும்புது... அந்தத் திருகை இடது பக்கம் மூணு கோடு. ஆமா. இன்னும் அரைக் கோடு. இருங்க, இருங்க... இப்ப."

வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. 'டங்.'

அவன் இன்னொரு தோட்டா போட்டான். "ஒரு கோடு திரும்ப எடுங்க. இப்ப" என்றாள். டங். அதற்கடுத்தது தகட்டின் ஓரத்தில். அதற்கடுத்தது நட்டநடுவில். அவள் சொன்ன ஆறு குண்டில் ஐந்து பட்டபோது ராபர்ட் எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எப்பவும் நீதான் சொல்வியா? மாமாவுக்கு?"

"வேற யாரு சொல்றது?"

"தியத்தலாவைக்கு ஒருநாளும் உன்னைக் கூட்டிப் போகலியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.  ஏன் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. அங்கே துரைமார் எல்லோரும் இருப்பார்கள், துரைசானிமார் குடைபிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் ரெங்கம்மாவைப் பக்கத்தில் படுக்க வைத்துச் சுட அவரால் முடியவில்லை. அவளோடு வந்து ஜெயிப்பதைவிட அவள் இல்லாமல் கடைசியில் நிற்பது அவருக்கு மேலாக இருந்தது. ஏழு வருஷமும். அதுவும் போதாமல் ஒரு பொய்.

அவளுக்குக் கோபம் வந்தது. இறந்துபோன மனிதர்மேல் கோபப்படுவது எப்படி என்று தெரியாமல் புல்லைப் பிடுங்கினாள். கோபத்துக்கு நடுவிலேயே அவர் அந்த ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை விட்டு இறங்கி வந்த விதம் ஞாபகம் வந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல்தான் "நல்லாத்தான் சுட்டேன்" என்பார். களைப்பு என்று அவள் நினைத்திருந்தாள்.

"நீயும் சுட்டுப் பார்" என்று ராபர்ட் துப்பாக்கியை நீட்டினான். அவனே தூரக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காற்றுச் சொன்னான். அவன் சொன்னதெல்லாம் தப்பு. ஐந்து குண்டும் மண்ணில் போயின. விசை அவள் தொடுமுன்னே விழுந்தது போல இருந்தது. ஆனால் உதை லேசாக இருந்தது. குண்டு கிளம்பிப் போவது உடம்புக்குள் தெரிந்தது. பிறகு ரெட்டைக் குழலை எடுத்து எண்பது கெஜத்தில் வைத்த டின்னைச் சுட்டாள். இரண்டும் பட்டன. தோள் விண்ணென்று வலித்தது.

"பாத்தியா?" என்றான் ராபர்ட். "அதுதான் உன் துப்பாக்கி."

கண்ணால் பார்த்த பிறகு ஆமாம் போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை பிரக்கிராசியின் மேசையில் இரண்டு ரைபிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மாடசாமி கொஸ்லந்தையிலிருந்து புறப்பட்டு வந்து கதவருகே நின்றான். ரெட்டைக் குழலைச் சுற்றிக் கொண்டுபோகக் கம்பளிகூடக் கொண்டுவந்திருந்தான். ராபர்ட் சன்னலோரம் நின்றான். செல்வநாயகம் பேனாவை மையில் தோய்த்தார்.

"என்ன பிள்ளை, யோசிச்சனியோ? எது?"

"ரெட்..." என்று தொடங்கி ரெங்கம்மா நிறுத்தினாள்.  மூன்று ஆண்களும் தலையசைக்கத் தயாராக நிற்பதைப் பார்த்தாள். நீளத் துப்பாக்கியின் மேல் கையை வைத்தாள். "இதுங்க."

"அந்த நீட்டுத் துவக்கோ?"

"ஆமாங்க ஐயா. இது."

"ஏய், உனக்குப் பைத்தியமா?" என்று மாடசாமி கத்தினான். ராபர்ட் ஒரு அடி முன்னால் வந்து, "ரெங்கம்மா, நீ மாத்திச் சொல்லிட்டே" என்றான். செல்வநாயகம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "இது காட்டுப் பண்டி சுட உதவாது. நல்லா யோசிச்சோ சொல்லுறாய்?" என்று கேட்டார்.

"நல்லா யோசிக்கலீங்க" என்றாள் உண்மையாகவே. "ஆனா இதுதான் வேணும். எழுதிக்குங்க."

அவர் எழுதினார். அவள் பெருவிரல் ரேகை வைத்தாள். வெளியே வந்ததும் மாடசாமி கம்பளியை அவளிடம் கொடுக்காமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அன்று சாயங்காலம்வரை அவளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கொஸ்லந்தைக்குப் போய் மூன்றாம் வாரம், குரக்கன் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது ராபர்ட்டின் குதிரை வந்தது. அவன் ரெட்டைக் குழலைக் கொண்டுவந்திருந்தான்.

"மாத்திக்கலாம்" என்றான். "இத நீ வச்சிக்க. அத எனக்குக் குடு."

கொல்லையின் மறுகோடியில் மாடசாமி நிமிர்ந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"மாத்த மாட்டேங்க."

"அப்ப போட்டிக்கு மட்டும் கடன் குடு. ஒரு நாள்."

ரெங்கம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிரக்கிராசி கந்தோரில் தான் ஏன் அந்தத் துப்பாக்கியின் மேல் கையை வைத்தாள் என்று இத்தனை நாளும் அவளுக்கே விளங்கவில்லை. இப்போதும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் வாய் பாட்டுக்குச் சொல்லிற்று:

"குடுக்கிறேங்க. ஆனா துப்பாக்கி தனியா வராது. நானும் வருவேன். பின்னால உக்கார மாட்டேன். உங்க பக்கத்துல பாய் போட்டுப் படுத்துத்தான் காத்துச் சொல்லுவேன். எல்லாரும் பாக்கத்தான்."

ராபர்ட் கடிவாளத்தைக் கையில் எடுத்தான். "அது... அங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்பத் துப்பாக்கியும் வராதுங்க."

அவன் குதிரையில் ஏறிப் போய்விட்டான். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. கொஸ்லந்தைக் கடைக்காரர் அதைப் படித்துச் சொன்னார்: போட்டிக்குப் போகப் பதினாலாம் தேதி அப்புத்தளை ரயிலடியில் காத்திருப்பதாக எழுதியிருந்தான்.

தியத்தலாவை மைதானத்தில் அன்று வெயில் கடுமையாக இருந்தது. ரெங்கம்மா நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, தூரக்கண்ணாடியையும் பாயையும் சுமந்து ராபர்ட்டுக்குப் பின்னால் நடந்தபோது, கொட்டகையில் பேச்சு ஓய்ந்தது. யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஹாலம் என்ற பெயர் அவள் காதில் விழுந்தது.  போட்டியை நடத்திய மீசைக்காரத் துரை ஒருவர் வேகமாக வந்து ராபர்ட்டிடம் இங்கிலீஷில் பேசினார். ராபர்ட் சட்டைப் பையிலிருந்து போட்டி விதிகள் அச்சடித்த தாளை எடுத்து ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவர் அவளைக் காட்டினார். ராபர்ட் தலையை ஆட்டி மறுபடியும் அதே இடத்தைக் காட்டினான்.  ரொம்ப நேரம் பேசிய பிறகு மீசைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு அப்பால் போனார்.

"என்னா சொன்னாருங்க?"

"ஒரு ஆள் உதவிக்கு வச்சிக்கலாம்னு விதி இருக்கு. அந்த ஆள் யாருன்னு அதுல எழுதல" என்றான். "படு. சீக்கிரம்."

பத்துக் குண்டுகள். மைதானம் நெடுகச் சிவப்புக் கொடிகள் பறந்தன. முதல் இரண்டு குண்டுக்கு அவள் அந்தக் கொடிகளை நம்பிச் சொன்னாள். இரண்டும் ஓரத்தில் போயின.  'இது எனக்குத் தெரியாத இடம், தெரியாத காத்து' என்று நினைத்தாள். பிறகு கொடிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தூரக்கண்ணாடியைக் கொஞ்சம் கிட்டே இழுத்து, தகட்டுக்கு முன்னால் ஓடும் கானலைப் பார்த்தாள். கொடி ஒன்றைச் சொன்னது, கானல் வேறொன்றைச் சொன்னது. அவள் கானல் பக்கம் நின்றாள்.

"வலது பக்கம் ரெண்டு கோடுங்க."

"கொடி இடது பக்கம்—"

"வலது பக்கங்க."

அவன் திருப்பினான். நடு. அடுத்ததும் நடு. ஏழாவது குண்டு வரைக்கும் நடுவை விட்டுப் போகவில்லை. எட்டாவதில் அவள் அவசரப்பட்டாள். அது முழுக்கத் தப்பியது. ஒன்பதாவது பட்டது. பத்தாவதுக்கு முன்னால் காற்று ஒரேயடியாகக் கலங்கிக் கானல் கொதிக்கிற தண்ணீர் மாதிரி நின்ற இடத்திலேயே துடித்தது.

"இருங்க" என்றாள்.

மற்றவர்கள் எல்லோரும் சுட்டு முடித்துவிட்டார்கள். கொட்டகை முழுவதும் இவர்களையே பார்த்தது. மீசைக்காரர் கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

"ரெங்கம்மா..."

"இருங்க தொரை. இன்னும் இல்ல." கானல் மெல்லச் சாய்ந்து ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியது. "இப்ப."

அது நட்டநடுவில் பட்டது.

ராபர்ட்டுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. எட்டாவது குண்டு பட்டிருந்தால் முதலாவதாக வந்திருப்பான் என்று பலபேர் அவனிடம் வந்து சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் ரெங்கம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். மற்றவர்கள் அவள் அங்கே இல்லாதது மாதிரிக் கடந்துபோனார்கள். ஒரு கிழத் துரை மட்டும் அவள் முன்னால் வந்து நின்று, நல்ல தமிழில், "ஹாலமோட தோட்டத்துலயும் நீதானா?" என்று கேட்டார். அவள் ஆமாங்க என்றதும், "அவன் எங்ககிட்ட ஒரு தடவை சொன்னான். 'என் பங்களாவுல ஒருத்தி இருக்கா, அவளுக்குக் காத்து கண்ணுக்குத் தெரியும்'னு. நாங்க சிரிச்சோம்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

ரயிலடிக்கு நடக்கும்போது ரெங்கம்மா அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். அப்படியென்றால் அவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்ததும் வாயை மூடிக்கொண்டார். அவளை நினைத்து வெட்கப்பட்டாரா, அவளைப் பார்த்து அவர்கள் சிரிக்கக்கூடாது என்று மறைத்தாரா? இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்குமோ? இரண்டு துப்பாக்கியில் எதை அவள் எடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார்? ஒருவேளை அவருக்கே அது தெரியாமல்தான் அப்படி எழுதினாரோ? கேட்க ஆள் இல்லை. கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சந்தோசமா?" என்று ராபர்ட் கேட்டான். துப்பாக்கிப் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தெரியலீங்க தொரை."

வண்டி வர நேரம் இருந்தது. அவள் பலகையில் உட்கார்ந்து, பையை வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"தொரை, உங்களுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வேலை இருக்குங்களா?"

"இல்ல. ஏன்?"

"கொஸ்லந்தைக்கு வாங்க. எங்க அண்ணன் நெலத்துக்குப் பக்கத்துல ஒரு புல்லுச் சரிவு இருக்கு. தகடு ஒண்ணு நடச் சொல்லியிருக்கேன். நீங்க காத்துப் பாக்கக் கத்துக்கணும்."

"நானா? காத்துப் பாக்கிறதா? நீ இருக்கியே."

"நான் சுடப்போறேங்க" என்றாள் ரெங்கம்மா. "அப்ப யாரு சொல்றது?"

ராபர்ட் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.  தூரத்தில் அப்புத்தளை வண்டியின் ஊதல் கேட்டது.